ஜாம்பி கதை: தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் செய்யும் தவறுகள்

செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். மிஞ்சிய சிலர் எங்கோ கதவை அடைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறார்கள். ஜாம்பி கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். ஆனால் எழுதத் தொடங்குகிற பலர் கதவுக்கு வெளியே இருப்பதிலேயே பாதிப் பக்கங்களைச் செலவழித்துவிடுகிறார்கள். தொற்று எங்கே பிறந்தது, கடிபட்ட எத்தனையாவது நிமிடத்தில் கண் வெளுக்கும், எந்த ஆயுதம் கைகொடுக்கும் என்று விவரித்துக்கொண்டே போகிறார்கள். யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை, அதை முடிவு செய்தது யார் என்பதில்தான் கதை இருக்கிறது. 2016இல் வந்த கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ நினைவில் நிற்பது அதன் வேகத்தால் மட்டுமல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகக் கடந்து வருகிறவர்களுக்கு எதிராக, பத்திரமாக இருக்கும் பயணிகள் கதவைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்தக் காட்சிதான் நெஞ்சை அறுக்கிறது.

அடுத்தது, வேர் தெரியாமல் எழுதுவது. ஜாம்பி பிறந்த மண் கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்துச் செத்த நாடு அது. செத்தால் ஆன்மா மூதாதையரின் மண்ணுக்குத் திரும்பும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த விடுதலைகூடக் கிடைக்காமல், செத்த பிறகும் எழுப்பப்பட்டு வேலை வாங்கப்படுகிற உடலே ஜாம்பி. அங்கே ஜாம்பி யாரையும் தின்னவில்லை. ஜாம்பி நம்மைப் பிடித்துவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை, நாமே ஜாம்பியாக்கப்பட்டுவிடுவோமே என்று அஞ்சினார்கள். 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற மக்களை, 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை மறுபடியும் அடக்கி ஆண்டது. அந்த ஆண்டுகளில்தான் இந்தக் கதை அமெரிக்க வாசகர்களிடமும் திரைக்கும் போய்ச் சேர்ந்தது. 1932இன் ‘ஒயிட் ஜாம்பி’ படத்தில் ஒரு சர்க்கரை ஆலை வருகிறது. ஜாம்பிகள் அதன் அரைவை எந்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவன் தவறி உள்ளே விழுகிறான், மற்றவர்கள் நிற்பதில்லை. தமிழில் ‘நடைப்பிணம்’ என்று நாம் உயிரோடு இருப்பவரைத்தானே சொல்கிறோம்? அந்தச் சொல் ஹைட்டியின் ஜாம்பிக்கு மிக அருகில் நிற்கிறது. இந்த வரலாற்றைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது பல் மட்டுமே.

ஒன்றுக்கு ஒன்று என்று பொருள் ஒட்டுவதும் ஒரு தவறு. 1978இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘டான் ஆஃப் த டெட்’ வணிக வளாகத்தில் நடக்கிறது. உடனே ‘ஜாம்பி என்றால் நுகர்வு வெறி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். உள்ளே தஞ்சம் புகுந்த நால்வரைப் பாருங்கள். பிணங்களை அகற்றி, கதவுகளை மறித்து, விலையுயர்ந்த உடைகளை உடுத்தி, எதற்கும் பயன்படாத பணத்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கொள்ளைக் கூட்டம் வரும்போது, ஒளிந்திருக்க வாய்ப்பிருந்தும் அவர்களில் ஒருவன் சுடத் தொடங்குகிறான், இது நமக்குச் சொந்தம் என்ற ஒரே எண்ணத்தில். படத்தின் கூர்மையான விமர்சனம் அவன்மீதுதான் பாய்கிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு. சட்டம் ஒழிந்த மறுநாளே எல்லா மனிதரும் மிருகமாகிவிடுவார்கள் என்று, அதை மறுக்கவே முடியாத உண்மைபோல எழுதுவது. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, தஞ்சமடைந்த மக்கள் கொலையும் வன்புணர்வுமாக வெறியாடுகிறார்கள் என்று செய்திகள் பறந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆதாரமற்றவை என்று பின்னர் தெரிந்தது. சாதாரண மக்கள் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரை மீட்டார்கள். நடந்தே வெளியேற முயன்றவர்களை மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் மறித்துத் திருப்பி அனுப்பியது பக்கத்து ஊர்க் காவல்துறை. இன்னொரு பாலத்தில், கையில் ஆயுதம் இல்லாதவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள். ‘அவர்கள் வெறிக்கூட்டம்’ என்ற கதை பரவிய நகரத்தில்தான் இது நடந்தது. நாம் எழுதுவதும் கூட்டத்தைப் பற்றிய கதை என்பதால், அது யாருடைய சாயலில் வருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டி வருகிற அகதிகளைப் போலவோ சேரியிலிருந்து வருகிற ஏழைகளைப் போலவோ அந்தப் பிணக்கூட்டத்தை வரைந்துவிட்டு, அதைக் குவியலாகச் சுட்டுத்தள்ளுவதைக் கொண்டாட்டமாக எழுதினால், அது சமூக விமர்சனம் ஆகாது; சுடுவதற்குத் தரும் அனுமதி ஆகிவிடும். கூட்டத்தில் ஒருவருக்காவது பழைய வாழ்க்கையின் அடையாளம் ஒன்று இருக்கட்டும், தோளில் இன்னும் தொங்குகிற பள்ளிப்பை போல.

மெதுவாக நடக்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்ற சண்டை பற்றி ஒரு வரி போதும்: மெதுவாக வந்தால் உள்ளே இருப்பவர்கள் சண்டையிட நேரம் கிடைக்கும், ஓடி வந்தால் கிடைக்காது. எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கருத்தைப் பாத்திரத்தின் வாயில் திணிப்பது. ‘நாம்தான் உண்மையான ஜாம்பிகள்’ என்று ஒருவர் வசனம் பேசிய நொடியில் கதை படுத்துவிடுகிறது. ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’டில் நாயகன் பென் கறுப்பினத்தவர், அதைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரவு முழுவதும் போராடி அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சுகிறார். விடிகிறது. துப்பாக்கியோடு வருகிற தேடுதல் கும்பல் சன்னலில் அசைவைக் கண்டு, யார் என்று கேட்காமலே நெற்றியில் சுடுகிறது. பிறகு வருபவை அசையாத, மங்கலான புகைப்படங்கள்: கையில் கொக்கிகளோடு ஆட்கள், வெளியே இழுத்துவரப்படும் உடல். கடைசியில் மற்றப் பிணங்களோடு ஒன்றாக அடுக்கப்பட்டு அதற்கும் தீ வைக்கப்படுகிறது.