லோகியின் கண் நீலமா, பச்சையா? சூப்பர் ஹீரோ படங்களைத் துருவும்போது சறுக்கும் இடங்கள்

2012இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் வில்லன் லோகியின் கண்கள் வழக்கத்தைவிட நீலமாகத் தெரிகின்றன, அவன் கையிலிருக்கும் செங்கோலே அவனையும் ஆட்டிவைத்தது என்று நண்பர்களிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டியவன் நான். அந்தச் செங்கோல் நெஞ்சில் பட்டதும் வில்வீரன் ஹாக்ஐ லோகிக்கு அடிமையாகிக் கண் நீலமாவதைப் படமே காட்டுகிறதே! ஹல்க் தூக்கித் துவைத்த பிறகு லோகியின் கண் பச்சைக்குத் திரும்புவதாகவும் தோன்றியது. பிறகு அதே காட்சியைத் தம்பியின் போனில் போட்டுப் பார்த்தேன். பச்சையைக் காணோம். எங்கள் வீட்டு டிவி நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடில் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, லோகியாக நடித்த டாம் ஹிடில்ஸ்டனுக்கே நீலக் கண்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செங்கோல் லோகியையும் பாதித்தது என்று மார்வெலே பின்னாளில் தன் இணையதளத்தில் எழுதிவிட்டது. நண்பர்களிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்தான். ஆனாலும் நான் காட்டிய ஆதாரம் டிவி செட்டிங்தானே. நிறத்தை வைத்து எதையாவது சொல்லும் முன் இன்னொரு திரையிலும் பார்த்துவிடுங்கள். அந்த நடிகரின் வேறு படத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரே ஒரு ஷாட்டை வைத்துக் கோட்டை கட்டுவது அடுத்த சறுக்கல். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு யாராவது எதையாவது கையில் கொடுத்தால் பிடிக்காது. இது நம்பிச் சொல்லக்கூடிய நுணுக்கம், ஏனென்றால் படங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2010இல் வந்த 'அயர்ன் மேன் 2'வில் செனட் விசாரணைக்கான சம்மனை அதிகாரி நீட்டும்போது அவர் கையை நீட்டுவதில்லை. இரண்டு வருடம் கழித்து 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஏஜென்ட் கோல்சன் ஃபைலை நீட்ட, அதே பதில். உடனே டோனியின் காதலி பெப்பர் தன் கிளாஸைக் கோல்சன் கையில் கொடுத்து, ஃபைலைத் தான் வாங்கி, டோனியிடம் தள்ளிவிடுகிறார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார் மனுஷன். டோனி, பெப்பர் இருவரின் உறவு எப்படிப்பட்டது என்பதைப் படம் சில வினாடிகளில் சொல்லி முடித்துவிட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல அலசல். நாம் நிறுத்துவதில்லை. முதல் படத்தில் குகையில் கைதியாகக் கிடந்தபோது பட்ட அதிர்ச்சி, கிருமி பயம் என்று ஆளாளுக்கு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பிப்போம். டோனிக்கு மனச் சிக்கல் உண்டு என்று சொல்ல விரும்பியபோது படமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. 'அயர்ன் மேன் 3'இல் ஒரு குழந்தையின் படத்தில் கையெழுத்துப் போடும்போது கிரேயான் உடைகிறது, மூச்சு முட்டி வெளியே ஓடுகிறார், அது கடுமையான பதற்றம் என்று அவருடைய கம்ப்யூட்டர் உதவியாளன் ஜார்விஸ் சொல்கிறது. ஃபைல் விஷயத்தில் அப்படி எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. நாமாகச் சேர்த்தால் அது நம் கதை.

2008இல் வந்த 'தி டார்க் நைட்' இரண்டு பக்கமும் வழுக்கும். அதில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது பாம்பின் குறியீடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். வாயோரத் தழும்பு ஒட்டவைத்த செயற்கைத் தோல். பேசப் பேச அது கழன்றுவரும் என்பதால் ஹீத் லெட்ஜர் நாக்கால் தடவ ஆரம்பித்தார், அது ஜோக்கரின் பழக்கமாகவே ஆகிவிட்டது என்று அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். காரணம் ஒப்பனை என்பதால் அது பாத்திரத்தில் சேராது என்று தள்ளிவிடவும் முடியாது. லெட்ஜர் அதை அவ்வளவு தூரம் தனதாக்கிக்கொண்டார். பாம்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனை வெடிக்கும் காட்சியில் கதை தலைகீழ். ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கும் அந்த இடைவெளி எதிர்பாராமல் நடந்தது, லெட்ஜர் அங்கேயே சமாளித்தார் என்பது ரசிகர்களின் செல்லக் கதை. உண்மையில் அது திட்டமிட்ட இடைவெளி. சிகாகோவில் ஒரு பழைய மிட்டாய் ஆலைக் கட்டடத்தை நிஜமாகவே தகர்த்தார்கள். இரண்டாவது டேக்குக்கு வழியே இல்லாத இடத்தில் யார் அதை அதிர்ஷ்டத்துக்கு விடுவார்கள்? (2017 'ஜஸ்டிஸ் லீக்'கில் சூப்பர்மேனின் மேலுதட்டில் ரகசியம் தேடுபவர்களுக்கு: அது கம்ப்யூட்டரில் அழித்த மீசை. ஹென்றி கேவில் அப்போது வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார்.)

இயக்குநர் பேட்டியைத் தீர்ப்பாகக் கொண்டுவந்து வைப்பதும் ஆபத்து. 2015இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' விருந்துக் காட்சியில் தகுதியுள்ளவரால் மட்டுமே தூக்க முடிகிற தோரின் சுத்தியலைக் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் இழுக்கும்போது அது ஒரு நூலளவு அசைகிறது, தோரின் சிரிப்பு சட்டென்று மறைகிறது. அப்போதே ஸ்டீவால் தூக்க முடியும், தோரின் மனசுக்காக விட்டுக்கொடுத்தார் என்று 2019 'எண்ட்கேம்' இயக்குநர்களான ருஸ்ஸோ சகோதரர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த விருந்துக் காட்சியை எடுத்தவர் ஜாஸ் வீடன். 'எண்ட்கேம்' முடிவில் கடந்த காலத்துக்குப் போய் வாழ்ந்துவிட்டுக் கிழவராக வரும் ஸ்டீவ் எந்தக் காலக்கோட்டில் வாழ்ந்தார் என்பதிலோ அந்தப் படத்தின் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். தோர் முகம் மாறியதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. அதிலிருந்து தொடங்குங்கள்.

நம் ஊர் ரசிகர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு: டப்பிங். தமிழ் 'எண்ட்கேம்'இல் அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி, வசனம் ஏ.ஆர். முருகதாஸ். அந்தக் குரலின் இழுவையிலிருந்து டோனியின் மனநிலையை அலசினால் நீங்கள் அலசுவது விஜய் சேதுபதியை. அதைவிட நுட்பமான சிக்கல் 'நீ', 'நீங்க'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். டோனியும் ஸ்டீவும் எப்போது நெருங்கினார்கள், எப்போது விலகினார்கள் என்பதை மரியாதைச் சொல்லை வைத்து அளந்தால், கிடைப்பது வசனகர்த்தாவின் தேர்வு.

கடைசியாக, ஸ்கிரீன்ஷாட் மோகம். 1978இல் வந்த ரிச்சர்ட் டானரின் 'சூப்பர்மேன்' படத்தில் நிருபர் லோயிஸ் உள்ளே போகிறாள், தான் சூப்பர்மேன் என்பதை அவளிடம் மறைத்துவரும் கிளார்க் கென்ட் கூடத்தில் தனியாக நிற்கிறான். கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, தாடை எழும்புகிறது, குரல் கனக்கிறது. சூட், டை எதுவும் மாறவில்லை, ஆனால் நிற்பவன் வேறு ஆள். உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, முதுகு மறுபடி வளைகிறது. இதில் எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் கோட் சூட் போட்ட ஒரு உயரமான மனிதர்தான் கிடைப்பார்.