காற்றாலை மின்சாரம்: ஐந்து நாடுகளை ஒரே வரைபடத்தில் ஒப்பிடுவது எப்படி?

கூகுள் ஷீட்ஸைத் திறக்கத் தெரிந்தால் போதும், நிரல் எதுவும் எழுத வேண்டாம்.

1. 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' (Our World in Data) தளத்தில் காற்றாலை மின் உற்பத்திக்கான சிஎஸ்வி (அட்டவணையாகத் திறக்கும் எளிய தரவுக்) கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

2. அதை ஷீட்ஸில் ஏற்றினால் நாடு, குறியீடு, ஆண்டு, உற்பத்தி என்று பத்திகள் தெரியும். உற்பத்தி டெராவாட் மணியில் இருக்கும். ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் வருகிற அதே யூனிட்தான்.

செய்திகளில் அடிபடும் மெகாவாட் வேறு கணக்கு. அது நிறுவுதிறன், அதாவது காற்று முழுதாக வீசினால் எவ்வளவு கிடைக்கும் என்பது. சீனா நிறுவுதிறனில் 2010-லேயே அமெரிக்காவை முந்திவிட்டது. உற்பத்தியில் முந்த 2016 ஆனது. இடைப்பட்ட காலத்தில் அங்கே பல காற்றாலைகள் மின்கட்டமைப்பில் சரியாக இணைக்கப்படாமல் கிடந்தன. ஆகவே இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

3. 'இன்சர்ட்' மெனுவில் பிவட் டேபிள் (தரவை வேண்டியபடி மாற்றி அடுக்கும் அட்டவணை). வரிசையில் ஆண்டு, பத்தியில் நாடு, மதிப்பில் உற்பத்தி. அப்புறம் ஃபில்டரில் சீனா, அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா, டென்மார்க் ஆகிய ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'உலகம்', 'ஆசியா' போன்றவையும் நாடுகளோடு கலந்தே இருக்கும். அவற்றை விட்டுவைத்தால் மற்ற கோடுகள் எல்லாம் தரையோடு ஒட்டிவிடும்.

4. கோட்டு வரைபடம் போடுங்கள். 2000-களில் 2007 வரை ஜெர்மனி மேலே, 2008-இலிருந்து அமெரிக்கா, 2016-இலிருந்து சீனா. ஜெர்மனியின் கோடு 2021-இல் இறங்குவதைப் பார்த்து, காற்றாலைகளை மூடிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டு காற்று குறைவு, அவ்வளவுதான்.

5. இப்போது டென்மார்க்கைத் தேடுங்கள். கிட்டத்தட்ட கண்ணிலேயே படாது! உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். 2023 கணக்கில் தலைக்குத் தோராயமாக டென்மார்க்கில் 3,300 யூனிட், அமெரிக்காவில் 1,250, சீனாவில் 600-க்குச் சற்று மேல், இந்தியாவில் 60-க்கும் கீழே. டென்மார்க்கின் மின் உற்பத்தியில் பாதிக்கு மேல் காற்றிலிருந்துதான் வருகிறது. என்னைக் கேட்டால், முதல் வரைபடத்தை மட்டும் பகிர்வது அரைகுறை வேலை.

ஆண்டுக் கணக்கில் பருவகாலம் தெரியாது. இந்தியாவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உற்பத்தி உச்சத்தில் இருக்கும்; டென்மார்க்கில் குளிர்காலத்தில்தான் அதிகம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் எம்பர் அமைப்பு வெளியிடும் மாதவாரித் தரவை எடுத்து, ஆண்டு இருந்த இடத்தில் மாதத்தைப் போடுங்கள்.