முதல் வகுப்புக்கு முன்னால் 7 நிமிடம்

முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "அடுத்த வாரத்திலிருந்து முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தாளை நீங்க எடுங்க" என்று பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் பாடம் புள்ளியியல். 50 நிமிட வகுப்புக்கு மூன்று ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். 28ஆவது நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆஹா, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக வெளியே வந்தேன். முதல் தேர்வுத் தாளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

இப்போது ஆய்வு மாணவர்களை வகுப்புக்குத் தயார்செய்வது துறையில் என் பொறுப்பு. ஒரு பருவம் கையில் இருந்தால் போதும், ஓரளவு உருப்படியாகச் செய்துவிடலாம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். நீங்கள் வழிகாட்டியாக இருந்தாலும் சரி, வகுப்பெடுக்கப் போகிற ஆய்வு மாணவராக இருந்தாலும் சரி, உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் யாரும் பாடம் நடத்த வேண்டாம். மற்றவர்கள் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஆனால் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. மாணவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு தாளைக் கொடுத்து, 5 நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேர் பலகையைப் பார்க்கிறார்கள், எந்த வாக்கியத்தில் முதல் செல்போன் வெளியே வந்தது என்று குறிக்கச் சொல்வேன். என் வகுப்புக்கும் ஒருவரை அனுப்பினேன். திரும்பி வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், 32ஆவது நிமிஷத்துல நீங்க பலகைய அழிச்சீங்க. பாதிப் பேர் அப்ப எழுதி முடிக்கல." எத்தனையோ வருடமாகப் பலகையை அழித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

மூன்றாவது வாரத்தில் 7 நிமிட வகுப்பு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய நுண்நிலைக் கற்பித்தல்தான். ஒரே ஒரு கருத்து, சில நிமிடம், நாலைந்து பேர் முன்னால் நடத்த வேண்டும். குறை நிறை கேட்டுக்கொள்ள வேண்டும். அதே பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். திரும்ப நடத்துவதில்தான் பலன் இருக்கிறது. நேரமில்லை என்று பலர் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவதானால் வேறு எதையாவது வெட்டுங்கள்.

கேட்பவர்களில் ஒருவராவது வேறு துறை ஆளாக இருக்கட்டும். இது ரொம்ப முக்கியம். ஒரு மாணவர் திட்டவிலக்கம் நடத்த வந்தார், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்கிற அளவு. வந்ததும் பலகையில் வர்க்கமூலக் குறி, உள்ளே கூட்டச் சொல்கிற சிக்மா குறி, அடியில் வகுத்தல் என்று சூத்திரத்தை எழுதி முடித்துவிட்டார். கையெழுத்து அழகாக இருந்தது. வரலாற்றுத் துறையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பெண் கை தூக்கி, "அந்த வளைஞ்ச எம் மாதிரி இருக்கே, அது என்ன?" என்றார். இவர் முகத்தில் அப்பட்டமான ஆச்சரியம். சிக்மா தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

இது அவர் தவறு இல்லை. ஒன்று தெரிந்துவிட்டால் அது தெரியாமல் இருந்த காலம் நமக்கு மறந்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்த எலிசபெத் நியூட்டன் 1990இல் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 முறை தட்டியதில் சரியாகச் சொன்னது 3 முறை. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். ஆய்வில் நான்கு வருடம் மூழ்கிக் கிடந்தவர் முதலாண்டு வகுப்புக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான்.

மறு வாரம் அதே மாணவர் திரும்ப வந்தார். சூத்திரம் இல்லை. பலகையில் இரண்டு வரி மட்டும்: 48, 50, 52. அடியில் 20, 50, 80. "ரெண்டு வகுப்போட மதிப்பெண் இது. சராசரி சொல்லுங்க." இரண்டுக்கும் 50. "அப்ப ரெண்டும் ஒரே மாதிரி வகுப்பா?" இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். "எவ்வளவு வித்தியாசம்னு ஒரே எண்ணுல சொல்லணும். எப்படிச் சொல்லலாம்?" சராசரியிலிருந்து விலகியிருக்கும் தூரத்தைக் கூட்டலாம் என்றார் வரலாற்றுத் துறைப் பெண். கூட்டினால் –30, 0, 30, பூஜ்ஜியம். "அய்யய்யோ, அடிச்சுக்கிட்டுப் போயிடுதே!" என்று அவரே சிரித்தார். மைனஸை ஒழிக்க வேண்டும் என்பது வரை அவரே வந்துவிட்டார். வர்க்கப்படுத்துவது என்ற ஒரு வழியை மட்டும் இவர் எடுத்துக்கொடுத்தார். வர்க்கங்களின் சராசரி 600, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 24.5. மேல் வரிக்கு 1.6. மணி அடிக்கும்போது சூத்திரம் இன்னும் பலகையில் இல்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்று எண் இருந்தால் சராசரி எடுக்க மூன்றால் வகுப்பதா, ஒன்று குறைத்து இரண்டால் வகுப்பதா என்ற பழைய சண்டையை இழுக்க அந்த மாணவர் வாய் துடித்ததைப் பார்த்தேன். இப்போது வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினேன்.

குறை சொல்லும் விதம் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் ஒரு மாணவரிடம் 14 குறைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வரவே இல்லை. இப்போதெல்லாம் இரண்டே இரண்டு: விடாமல் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. செல்போனில் பதிவுசெய்து அவரிடமே கொடுத்துவிட்டால் மீதி 13ஐ அவரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது கேள்வி கேட்கப் பழக்குவது. "சந்தேகம் இருக்கா?", "புரிஞ்சுதா?" இரண்டும் என் பயிற்சியில் தடை. இதற்கு ஆம் இல்லை என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. பதில் இருக்கிற கேள்வியாகக் கேட்க வேண்டும்: "எல்லாருக்கும் 5 மதிப்பெண் கூட்டிப் போட்டா திட்டவிலக்கம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் அளந்து சொன்னார். 3 விநாடிக்கு மேல் பொறுத்தால் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். கல்லூரி வகுப்பிலும் நான் பார்ப்பது அதேதான். 3 விநாடிதானே என்று தோன்றும். பலகை முன்னால் நின்றால் அது மூன்று மணி நேரம். கையில் இருக்கிற சாக்பீஸை விரலுக்குள் ஐந்து சுற்று சுற்றுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் பொறுக்கும்.

பாடம் நடத்துவதற்கு முன்பே திருத்தக் கற்றுக்கொடுங்கள். பெயரை மறைத்த பத்து விடைத்தாள்களை நகலெடுத்து இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பேன். ஒரு முறை 10க்கு ஒருவர் 4 போட்ட விடைக்கு இன்னொருவர் 9 போட்டிருந்தார். விடை எண் தப்பு, வழி சரி, அவ்வளவுதான் சங்கதி. இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் வழிக்கு எவ்வளவு, கணக்குக்கு எவ்வளவு, விளக்கத்துக்கு எவ்வளவு என்று ஒரு பங்கீட்டை அவர்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எழுதுகிற பாடக் குறிப்பே மாறிவிட்டது. தேர்வில் என்ன கேட்பேன் என்பதை முதலில் எழுதி, பாடத்தை அதற்குப் பின்னால் எழுதினார்கள்.

திரையில் ஸ்லைடு போட்டுக் காட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்புக்கு ஒரு வரம்பு வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் தொடக் கூடாது என்பது என் கணக்கு. புதியவர்கள் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமே என்று மூச்சு விடாமல் ஓட்டுவார்கள். ஆய்வு வேலை கெடுகிறது என்று வழிகாட்டி முகம் சுளிப்பதும் அங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று: ஆள் பற்றாக்குறைக்கு ஆய்வு மாணவரைக் கொண்டு ஓட்டையை அடைப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒரு நாளாவது வேறு வகைக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள். அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய வருங்காலப் பேராசிரியர் பயிற்சித் திட்டத்தில், ஆராய்ச்சிப் பல்கலைக்கழக மாணவர்களைச் சிறிய கல்லூரிகளோடும் இணைத்தார்கள். நல்ல யோசனை. பட்டம் வாங்கியவர்களில் பலர் போய்ச் சேருவது ஆய்வுக்கூடமே இல்லாத, பாடச்சுமை மட்டும் நிறைய இருக்கிற இடங்களுக்கு. அதை முன்பே கண்ணால் பார்ப்பது நல்லது.

பருவத்தின் கடைசியில் உண்மையான வகுப்பு. மூன்று வகுப்பு தொடர்ந்து கொடுங்கள். ஒன்று மட்டும் கொடுத்தால் அது நாடகம் மாதிரி ஆகிவிடும். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள், தப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். தெரியாத கேள்வி வந்தால் "தெரியலை, அடுத்த வகுப்புல சொல்றேன்" என்று சொல்லவும், மறக்காமல் சொல்லவும் பழக்கியிருந்தால் போதும். முடிந்ததும் உடனே ஆராய வேண்டாம், மறுநாள் காலையில் பேசுங்கள். வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் "இன்னைக்குப் புரியாம போனது என்ன?" என்று பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். மறுநாள் பேச்சுக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

திட்டவிலக்கம் நடத்தியவர் முதல் வகுப்பு முடிந்த மறுநாள் 41 சீட்டோடு வந்தார். பிரித்து மேசையில் மூன்று குவியலாக வைத்தார். பெரிய குவியலில் எல்லாம் ஒரே கேள்வி: புத்தகத்தில் ஒரு இடத்தில் மூன்றால் வகுக்கிறார்கள், இன்னொரு இடத்தில் இரண்டால் வகுக்கிறார்களே, எது சரி?

"இப்ப எடுக்கலாமா சார்?" என்றார்.

தாராளமாக எடுக்கச் சொன்னேன்.