வளாகத்துப் பழைய கட்டடத்தின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி?

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் பிழை, நிறுவனத்தின் வயதைக் கட்டடத்தின் தலையில் ஏற்றுவது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அதன் செனட் மாளிகை எழுந்ததோ 1874 முதல் 1879 வரை. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1088 என்று சொல்லும். அதன் புகழ்பெற்ற ஆர்க்கிஜின்னாசியோ கட்டடம் 1563-இல்தான் வந்தது. ஆகவே ஒரு தாளில் நடுக்கோடு போட்டு, நிறுவனத்தின் தேதிகளை இடப்பக்கமும் கட்டடத்தின் தேதிகளை வலப்பக்கமும் எழுதத் தொடங்குங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

வலப்பக்கத்தில் ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது என்றால் தேடல் இன்னும் தொடங்கவே இல்லை. பணம் ஒதுக்கியது, அடிக்கல் நாட்டியது, ஆட்கள் குடிபுகுந்தது, திறப்பு விழா, முதல் பெரிய மாற்றம் என்று குறைந்தது ஐந்து தேதிகள் வேண்டும். மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்துக்கு 1869-இல் அடிக்கல் நாட்டி, 1878-இல் வேலையை முடித்தார்கள். அடிக்கல்லை மட்டும் பார்த்து எழுதினால் ஒன்பது ஆண்டு காணாமல் போகும். விழாத் தேதியும் முழுக்க நம்பத்தக்கதல்ல. சிறப்பு விருந்தினருக்காக விழா தள்ளிப்போக, வகுப்புகள் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கியிருக்கும்.

கல்வெட்டைப் படிக்க நல்ல நேரம் காலையோ மாலையோ, வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும் நேரம். நிழலில் இருக்கும் கல் என்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். நேராக அடித்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி விழுமாறு நான்கு படம் எடுத்தால், ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் தெரியும். எழுத்தில் சாக்பீஸ் தடவுவது, எண்ணெய் பூசுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. எண்ணெயைக் கல் குடித்துவிடும், அழுக்கு அதில் ஒட்டும், அடுத்து வருபவருக்கு எழுத்தே தெரியாது.

ரோமன் எண்களில் தனிக் கவனம் வேண்டும். 1874-ஐ எம் ஒன்று, டி ஒன்று, சி மூன்று, எல் ஒன்று, எக்ஸ் இரண்டு, பிறகு ஐ, வி என்று வெட்டியிருப்பார்கள். கடைசி வி தேய்ந்துபோனால் அது 1871 ஆகிவிடும். எழுத்துகளுக்கு இருபுறமும் உள்ள ஓர இடைவெளியை அளந்து பாருங்கள். வலப்பக்கம் ஓர் எழுத்து அகலத்துக்குக் கூடுதலாக வெறுமையாக இருந்தால், அங்கே ஏதோ இருந்திருக்கிறது.

அடுத்து கட்டடத்தையே சுற்றி வர வேண்டும். இதை ஆவணத் தாள்களைப் பார்க்கும் முன்பே செய்வது நல்லது. தாளைப் பார்த்துவிட்டால் கண் அதில் எழுதியிருப்பதை மட்டும்தான் தேடும். ஒரே காலத்தில் கட்டிய சுவரில் செங்கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகும். தரையிலிருந்து மேலே வரை ஒரு நேர்ச்செங்குத்துக் கோடு ஓடி, செங்கற்கள் அதைத் தாண்டாமல் நின்றால், அந்த இடத்தில் பிற்காலச் சுவர் வந்து ஒட்டியிருக்கிறது. பூச்சு மறைத்திருந்தாலும் பெரும்பாலும் அதே கோட்டில்தான் விரிசல் விடும். பேஸ்மட்டத்தின் (தரைக்கு மேல் எழுப்பிய அடிமேடை) உயரம் மாறும் இடம், கார்னிஸ் (சுவரின் மேல்பகுதியில் நீட்டிய அலங்கார விளிம்பு) வளைவு பொருந்தாத இடம், ஜன்னல் தலைமட்டம் இறங்கும் இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்லை ஒன்றை மட்டும் அளந்தால் ஏமாற்றும். கையால் அறுத்த கல் ஒன்றுபோல் ஒன்று இராது. சாந்தோடு சேர்த்துப் பத்து வரிசையின் உயரத்தை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். இரண்டு பகுதிகளில் அது கணிசமாக வேறுபட்டால் அவை வெவ்வேறு காலத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு தெரிந்தால் அது பழுதுபார்த்ததன் தடயம், கட்டிய காலத்தின் தடயமல்ல.

பழுது பார்த்தது சில சமயம் கட்டடத்தையே மாற்றிவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உள்ள ரொட்டண்டா என்ற வட்டக் குவிமாடக் கட்டடம், அந்நாட்டின் அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வரைந்தது. 1895-இல் தீயில் உள்பக்கம் முழுவதும் போயிற்று. ஸ்டான்ஃபர்ட் வைட் என்ற கட்டடக் கலைஞர் அதைத் திரும்பக் கட்டும்போது உள்தளம் ஒன்றை நீக்கிக் கூடத்தை உயர்த்தினார். 1976-இல் அதைக் கலைத்து மறுபடி ஜெஃபர்சன் அமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உள்ளே நிற்பவர் ஜெஃபர்சனின் வடிவத்தைப் பார்க்கிறார், அவர் காலத்து மரத்தையும் பூச்சையும் அல்ல. பொலோன்யாவின் உடற்கூறு அரங்கமும் 1944 குண்டுவீச்சில் இடிந்து, மீட்ட துண்டுகளைக் கொண்டு மறுபடி எழுப்பியதுதான். “வடிவம் எந்தக் காலம், பொருள் எந்தக் காலம்” என்று இரண்டு பத்தி போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தாள்களில் ஆண்டறிக்கை, ஆட்சிக்குழுத் தீர்மானங்கள், கட்டடங்களைப் பராமரிக்கும் எஸ்டேட் அலுவலகத்தின் வரைபடங்கள், ஒப்பந்தக்காரருக்குப் பட்டுவாடா செய்த பில்கள், திறப்பு நாள் செய்தித்தாள் என்று தேடலாம். இவற்றில் பில்தான் பொய் சொல்வது குறைவு. வரைபடம் திட்டத்தைக் காட்டும்; பணம் தீர்ந்து கைவிட்ட கோபுரமும் அதில் கம்பீரமாக நிற்கும். ப்ளூபிரிண்ட் எனப்படும் பழைய நீல வரைபடங்களை வெளிச்சத்தில் விரித்து வைக்காதீர்கள், நீலம் வெளுத்துவிடும். தேடும்போது கட்டடத்தின் பழைய பெயர்கள் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். இன்றைய பெயரில் எதுவும் கிடைக்காததற்குப் பாதிக் காரணம் பெயர் மாற்றம்தான். பழைய அஞ்சலட்டையில் முத்திரைத் தேதி இருந்தால், படம் அதற்கு முன்பு எடுத்தது என்பது மட்டுமே உறுதி.

“கட்டியவர்” என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். ராஜாபாய் கோபுரத்தை வரைந்த கில்பர்ட் ஸ்காட் லண்டனில் இருந்தபடியே வரைந்தார். பணம் பிரேம்சந்த் ராய்சந்துடையது. பெயர் அவருடைய தாயாருடையது. வரைந்தவர், பணம் தந்தவர், மேற்பார்த்தவர், ஒப்பந்தம் எடுத்தவர் என்று தனித்தனியே எழுத வேண்டும்.

வயதான ஊழியர்களிடம் “எந்த ஆண்டு?” என்று கேட்டால் ஊகம்தான் வரும். “அப்போது வாசல் எந்தப் பக்கம், படிக்கட்டு மரமா கல்லா?” என்று கேட்டால் அழுத்தமான பதில் வரும். அதைச் சுவரில் போய்ச் சரிபார்க்கலாம்.

கடைசியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நடந்தது, எதிலிருந்து எடுத்தது, உறுதியா ஊகமா. அறிவிப்புப் பலகைக்கு உறுதியானவை மட்டும் போகட்டும். ஊகங்களையும் அளவுகளையும் படங்களையும் சேர்த்து ஒரு பிரதியை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை பூச்சை உரிக்கும்போது அவற்றில் சில உறுதியாகும்.