வாழைப்பழத் தோல்ல இருந்து கார்பன் டாட்ஸ் எடுக்கறது எப்படி

வாழை மண்டிப் பக்கம் போனா அடிபட்டு கறுத்துப்போன பழத்த மூட்டை மூட்டையா கழிச்சுப் போட்டிருப்பாங்க, அந்தத் தோல்தான் நமக்கு வேணும். அதுல இருந்து கார்பன் டாட்ஸ் எடுக்கலாம். 10 நானோமீட்டருக்கும் கம்மியான கார்பன் துகள், தண்ணில கரைஞ்ச மாதிரியே நிக்கும், யூவி லைட் அடிச்சா நீலமா ஒளிரும். 2004ல அமெரிக்காவுல சவுத் கரோலினா யுனிவர்சிட்டில கார்பன் நானோட்யூப்ப சுத்தம் பண்ணும்போது தற்செயலா கண்ணுல பட்டது இது. அப்புறம் 2012ல நம்ம ரூர்கேலா என்ஐடிகாரங்க ஆரஞ்சு ஜூஸ 120 டிகிரில 150 நிமிஷம் வச்சே எடுத்துக் காட்டினாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத வீட்டு குக்கர்ல பண்ணாதீங்க. 180 டிகிரில மூடின பாத்திரத்துக்குள்ள தண்ணியோட பிரஷர் காத்தழுத்தத்த மாதிரி 10 மடங்கு இருக்கும், அதுக்குன்னே இருக்கற டெஃப்லான் கப் வச்ச ஸ்டீல் ஆட்டோகிளேவ் வேணும், காலேஜ் லேப்ல கேட்டா கிடைக்கும்.

நல்லா பழுத்த தோலா எடுங்க, ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரையா மாறியிருக்கும், சீக்கிரம் உடையும் (கரும்புச் சக்கை, கடலை ஓட்டுல லிக்னின்ங்கற கெட்டியான மரப்பொருள் ஜாஸ்தி, அதுங்க அடம் பிடிக்கும்). கழுவி, நறுக்கி, மொறுமொறுன்னு ஒடியற வரைக்கும் வெயில்ல காயவச்சு மிக்ஸில அரைச்சு சலிச்சுக்கோங்க. 100 மில்லி கப்புக்கு 2 கிராம் பொடி, 60 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான். முக்கால் கப்புக்கு மேல ஊத்தவே ஊத்தாதீங்க, தண்ணி சூட்டுல விரியும், அதுக்கு இடம் வேணும். நல்லா இறுக்கி மூடி லேப் ஓவன்ல 180 டிகிரி, 6 மணி நேரம். ஓவன ஆஃப் பண்ணிட்டு அப்படியே ராத்திரி விட்டுடுங்க, அவசரப்பட்டு குழாய்த் தண்ணில காட்டறது, சூடா இருக்கும்போதே திறக்கறது ரெண்டும் ஆபத்து.

மறுநாள் ஃப்யூம் ஹுட்ல (புகைய வெளிய இழுக்கற லேப் கூண்டு) வச்சு திறந்தா வெல்லம் தீய்ஞ்ச மாதிரி வாசனை, பழுப்புத் தண்ணி, அடியில கருப்பு மண்டி. தண்ணிய மட்டும் ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜ்ல 10,000 ஆர்பிஎம்ல 15 நிமிஷம் சுத்தி, கடைசியா 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்ல விடுங்க. இப்ப 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிச்சு பாருங்க. ஒளிரலையேன்னு பயப்படாதீங்க, கெட்டியா இருந்தா அதுவே வெளிச்சத்த முழுங்கிடும், வெளிர் மஞ்சள் ஆகற வரைக்கும் தண்ணி விட்டு நீர்க்கப் பண்ணுங்க, நீலம் தானா வரும்.

இங்கதான் நிறைய பேரு போட்டோ எடுத்துட்டு முடிச்சிடறாங்க, எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். சூட்டுல உடைஞ்சு உருவாகற சின்னச் சின்ன மூலக்கூறுங்களும் நீலமா ஒளிரும், அதுங்க கார்பன் டாட்ஸ் கிடையாது. அதனால 1000 டால்டன் டயாலிசிஸ் பையில (சின்ன மூலக்கூற மட்டும் வெளிய விடற பை) ஊத்தி 24 மணி நேரம் தண்ணி மாத்தி மாத்தி வைங்க. வெளிய வர்ற தண்ணியையும் கொட்டாம டார்ச் அடிச்சு பாருங்க, வெளிச்சம் மொத்தமும் வெளிய போயிட்டு பைக்குள்ள ஒண்ணும் இல்லன்னா உங்ககிட்ட இருந்தது டாட்ஸ் இல்ல. அதே பொடிய ஆட்டோகிளேவ்ல வைக்காம வெறும் தண்ணில ஊறவச்சு வடிகட்டி அதையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, தோலே தானா ஒளிருதான்னு தெரியும். சைஸ் உறுதியா தெரியணும்னா டிஇஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம்) எடுத்துப் பாருங்க.

இரும்பு டெஸ்ட்லயும் கவனம். ஃபெரிக் குளோரைடு (ஒரு இரும்பு உப்பு) கரைசல் ரெண்டு சொட்டு விட்டா ஒளி மங்கும், தண்ணில இரும்பு கண்டுபிடிக்க இத வச்சு சென்சார் பண்றாங்க. ஆனா ஃபெரிக் குளோரைடே மஞ்சள் நிறம், அதுவே யூவிய உறிஞ்சும், அந்தக் கணக்க கழிக்காம சென்சார் ரெடின்னு எழுதிடாதீங்க.

அடியில நின்ன கருப்பு மண்டிய கீழ கொட்டிடாதீங்க, அது ஹைட்ரோசார், அதாவது சூடான தண்ணிக்குள்ளயே உண்டான கரி. கழுவி காயவச்சு மெத்திலீன் ப்ளூங்கற நீலச் சாயக் கரைசல்ல கொஞ்சம் போட்டு கலக்கி வைங்க, ஒரு மணி நேரம் கழிச்சு கரி சாயத்த உறிஞ்சி நீலம் எவ்ளோ வெளுத்திருக்குன்னு பாருங்க.