ஏற்காடு இறக்கத்தில் பிடிக்கிற டயர்: ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தப்பா மகன் பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்று வாங்கினான். இரண்டே சீட், மடங்குகிற கூரை, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பாதி இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வேகம் முப்பதுக்குள்தான். பிரேக்கை லேசாக மிதித்தபடி ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டியின் வால் மட்டும் தனியாக வெளிப்பக்கம் போயிற்று. டேஷ்போர்டில், சறுக்கினால் வண்டியைத் தானாகச் சரிசெய்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் விளக்கு மினுக்கியது, வண்டி தானாகவே நிமிர்ந்தது. எதிரே பஸ் வரவில்லை.

"டயர் மாத்திப் பத்து நாள்தாண்ணா ஆச்சு" என்றான். அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். முன்னால் இரண்டும் புத்தம் புதுசு. பின்னால் இரண்டும் பழசு. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் மேடுகள், பாதிக்கு மேல் தேய்ந்து, ரப்பர் நகத்தால் அழுத்தினால்கூடப் பதியாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது. முன் சக்கரம்தான் திரும்புது, பிரேக்கும் அங்கேதான் அதிகம், அதனால் புதுசை முன்னால் போடுவோம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த வரையில் அதிகம் பேர் செய்கிற தவறும் இதுதான்.

இறக்கத்தில் பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் இலேசாகிவிடும். எடை குறைந்தால் பிடிப்பும் குறையும். அந்த நேரத்தில் பின் டயர் பழசாகவும் இருந்துவிட்டால் வால் வீசுவதற்கு வேகமே தேவையில்லை. முன் டயர் நழுவினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். கால் எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், சாதாரண ஓட்டுநராலும் அதைச் சமாளிக்க முடியும். பின் டயர் நழுவினால் அப்படியில்லை. அரை நொடிக்குள் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும் என்று பெரிய டயர் கம்பெனிகள் சொல்கின்றன. முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் இதே விதிதான்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. இசட்4 மாதிரி வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே அளவு இல்லை. அவன் வண்டியில் முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. முன்னதைப் பின்னால் மாற்றிப் போட வழியே கிடையாது. பின் டயர் சீக்கிரம் தேயும், அதை மட்டும் மாற்றினால் போதும். அவன் செய்தது நேர் எதிர்: தேய்ந்ததை விட்டுவிட்டு, தேயாத முன் டயரை மாற்றியிருந்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. முன்பின் உயரம் வேறுபட்டால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்க உள்ளே இருக்கிற டிஃபரன்ஷியலும் கிளட்ச்சும் ஓயாமல் உழைத்துச் சூடாகும். அதைப் பழுது பார்க்கிற செலவில் இரண்டு செட் டயர் வாங்கிவிடலாம்.

பட்டன் இருக்கிறது, உயிர் இல்லை

சேலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். அதனால் அந்த டயர்கள் தேய்ந்து போவதில்லை, கிழடாகிப் போகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் ரப்பர் இறுகுகிறது, பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. சட்டப்படி காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், பள்ளங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. ஆனால் ஆறு மில்லிமீட்டர் பட்டனோடு இருக்கிற எட்டு வருஷ டயரைவிட, நாலு மில்லிமீட்டரில் நிற்கிற இரண்டு வருஷ டயரை நான் நம்புவேன்.

வயதைப் பார்ப்பது சுலபம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்குகிற வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3223 என்றிருந்தால் 2023ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. சில சமயம் அந்த நாலு எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். பல டயர் கம்பெனிகளின் ஆலோசனை, ஐந்து வருஷம் ஆனபின் ஆண்டுக்கொருமுறை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், பத்து வருஷத்தைத் தாண்டவே கூடாது என்பது. நம் ஊர் வெயிலுக்கு ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான அபூர்வ அளவுகள் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. "இந்த சைஸ் கிடைக்காது சார், ஒரு செட் இருக்கு, உங்களுக்காக எடுத்து வெச்சேன்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு முதலில் தேதியைப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும், அது கட்டாயம்.

கிடைக்காத அளவுக்குப் பதில் கிடைத்த அளவு

டயர் கிடைக்காததால் வருகிற அடுத்த தவறு இது. 255/35க்குப் பதில் 255/40 போட்டால் என்ன, அஞ்சுதானே வித்தியாசம் என்பார்கள். அந்த 35, 40 என்பது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் சதவீதம். 255இல் 35 சதவீதம் என்றால் பக்கச்சுவர் 89 மில்லிமீட்டர், 40 என்றால் 102. மேலும் கீழும் சேர்த்து டயரின் மொத்த உயரம் 25 மில்லிமீட்டர் கூடிவிடும். முன் டயர் 637, பின் டயர் 661 என்று நின்றால், நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிற ஏபிஎஸ்ஸும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் தப்புக் கணக்குப் போடும். அன்று ஏற்காட்டு வளைவில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கணக்கு சரியாக இருந்ததுதான். அதனால் சரியான அளவுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு மூன்று வாரம் வண்டியை ஷெட்டில் நிறுத்துங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 88 டபிள்யூ, 92 ஒய் என்றெல்லாம் இருக்கும். எண் ஒரு டயர் தாங்கும் எடை: 88 என்றால் 560 கிலோ, 92 என்றால் 630. எழுத்து வேகம்: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். நம் ரோட்டில் யார் 270இல் போகப்போகிறார்கள் என்று எண்ணி, இவற்றைவிடக் குறைந்த வேகத்துக்கான ஹெச் வாங்கிவிடாதீர்கள். அந்த எழுத்து டயர் தாங்குகிற சூட்டையும் குறிக்கிறது. மலை இறங்கும்போது பிரேக் டிஸ்க்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும், குறைய வேண்டாம்.

பெரிய ரிம், மெல்லிய டயர் ஆசையைப் பற்றி ஒரு வரிதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் வளைவின் உள்ஓரத்தில் எப்போது எந்தக் கல் கிடக்கும் என்று சொல்ல முடியாத இடத்தில் பக்கச்சுவர் மெலிந்தால் கொப்புளம் போல வீங்கும், அந்த டயரைச் சரிசெய்யவே முடியாது.

எந்த மழைக்கு டயர்?

சேலத்துக்காரருக்கு மழையில் இரண்டு வகை ஆபத்து. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் டயர் தேர்வு தப்பாகிவிடும்.

ஒன்று, 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓமலூர் பக்கமோ, 544இல் சங்ககிரி பக்கமோ நூறில் போகும்போது தேங்கிய நீரில் டயர் மிதப்பது. இங்கே பள்ளங்களின் ஆழம்தான் எல்லாம், நீர் வெளியேற வழி வேண்டும். அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். ஸ்போர்ட்ஸ் கார் டயர் அகலம், வண்டி எடையோ குறைவு. தேய்ந்த நிலையில் அதை வைத்துக்கொண்டு அடைமழையில் வேகம் போவது தற்கொலைக்குச் சமம்.

இன்னொன்று மலைப்பாதை. அங்கே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எந்த டயரும் மிதக்காது. ஆனால் பஸ் சொட்டிய ஆயில், சில்வர் ஓக் இலை, வழவழத்துப்போன தார், மேலே பனிமூட்டத்தின் ஈரம் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாக இருக்கும். அங்கே பள்ளத்தின் ஆழத்தைவிட ரப்பரின் குணம் முக்கியம். குளிர்ந்த ஈரமான தாரில் மென்மையாக ஒட்டுகிற சிலிக்கா கலந்த ரப்பர் வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால், ரேஸ் ட்ராக்குக்கான செமி ஸ்லிக் டயரை ஏற்காட்டுக்குப் போடுவது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். சூடேறினால்தான் அது பிடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் நம் வேகத்துக்கு அது வேண்டிய சூட்டை எட்டாது, நீர் போகப் பள்ளமும் குறைவு. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ட்ராக் டே ஓட்டுபவர்கள் அதற்கென்று தனி ரிம் செட் வைத்துக்கொள்ளட்டும். மறுகோடியில், நிறைய கிலோமீட்டர் வரும் என்று டூரிங் டயர் போடுபவர்கள் இருக்கிறார்கள். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்ற எண் 500, 600 என்று இருந்தால் அது நெடுநாள் உழைக்கும், ஆனால் ஸ்டியரிங் சொன்னதை வண்டி கொஞ்சம் யோசித்துச் செய்யும். 300ஐ ஒட்டிய எண்தான் நம் தேவைக்குப் பொருத்தம். அந்த எண்ணைக் கொடுப்பது கம்பெனியே, அதனால் ஒரு கம்பெனியின் 300ஐ மற்றொன்றின் 320ஓடு ஒப்பிடாதீர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, குட்இயர் ஈகிள் எஃப்1 வரிசைகளில் தேடலாம். ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் மழைப் பிடிப்புக்கு ஏ என்று இருக்கிறதா பாருங்கள்.

ரன்ஃப்ளாட்

இசட்4இல் ஸ்டெப்னி கிடையாது. காற்றுப் போனாலும் ஓடுகிற ரன்ஃப்ளாட் டயரோடுதான் வந்தது. அப்படிப்பட்ட டயர் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை கொண்டு சேர்க்கும். குலுக்கல் தாங்காமல் பலர் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், ஓட்டுகிற சுகமே வேறு. ஆனால் மாறுகிற அன்றே பஞ்சர் திரவமும் காற்றுப் பம்பும் வாங்கி டிக்கியில் போடாவிட்டால், இரவில் பதினைந்தாவது வளைவில் பஞ்சரானால் செல்போன் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாதி ரன்ஃப்ளாட், பாதி சாதாரணம் என்று கலக்கவே கூடாது. போர்ஷே என்0, பிஎம்டபிள்யூவின் நட்சத்திரம், பென்ஸின் எம்ஓ என்று வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்ட அடையாளம் இருந்தால் நல்லது. போர்ஷேக்காரர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

காற்று

ஏற்காட்டுக்கு ஏறி நின்றதும் காற்றை அளந்து, மூன்று நாலு பிஎஸ்ஐ கூட இருக்கிறது என்று இறக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஏறிய சூட்டின் அளவு. இறக்கிவிட்டால் டயர் ஆறியபின் குறைந்த காற்றோடு கீழே வருவீர்கள். உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும், குளிரினால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உள்ள சுமார் 1,200 மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. அதனால் காலையில் வீட்டிலேயே, வண்டி எடுக்கும் முன், கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுப்படி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

தம்பிக்குப் பின் டயர் இரண்டும் வந்து சேர ஒரு மாதம் ஆனது. மாட்டியதும் வீல் அலைன்மெண்ட் பார்த்தோம், பின் சக்கரத்தின் சாய்வு ஒரு பக்கம் அதிகமாக இருந்தது, பழைய டயரின் உள்ஓரம் தேய்ந்ததற்கு அதுதான் காரணம். அம்புக்குறி சுழலும் திசைக்கு இருக்கிறதா, வெளிப்பக்கம் என்று எழுதியது வெளியேதான் இருக்கிறதா என்று நான்கையும் சுற்றிப் பார்த்தேன். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அது போகும் வரை பிடிப்பு முழுதாக வராது. முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக நாமக்கல் பக்கம் போய் வா, போல்ட்டின் இறுக்கத்தை ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார், அதுக்கப்புறம் கோரிமேடு தாண்டி மலையேறலாம் என்றேன். அடுத்த மழை ஞாயிறு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கதவோரத்துக் காகிதத்தைப் படித்துக் காற்றை அவனே அளந்தான்.