பழுது பார்த்த பாய்மரப் படகில் நேராக நெடும்பயணம் வேண்டாம்

கோடைப் பயணத்துக்குக் கிளம்புமுன் ஒரு பகலும் இரவும் கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள். துறையில் கட்டிக் கிடக்கும்போது தெரியாத கோளாறு, காற்றில் படகு சாயும்போதுதான் வெளியே வரும். அதனால் இரண்டு பக்கமும் சாய்த்து ஓட்டுவது முக்கியம்.

கழற்றி மாட்டிய ஒவ்வொரு வால்வு, ஹோஸ் கிளாம்புக்கு (ரப்பர் குழாயை இறுக்கும் வளையம்) அடியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள் (எண்ணெய் மிதந்தால் வேண்டாம்!). உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. இல்லையென்றால் பெரும்பாலும் குடிநீர்த் தொட்டியோ மழையோதான்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் புதிதென்றால் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். திரும்பியதும் முறுக்கிச் சரிசெய்து, முறுக்கு தளராமல் பிடிக்கும் பின்களை மறுபடி பூட்டுங்கள். அப்புறம், உதிரி டீசல் ஃபில்டர் குறைந்தது இரண்டு இருக்கட்டும். மாதக்கணக்கில் சும்மா நின்ற டேங்கின் அடிக்கசடு, முதல் அலையிலேயே கலங்கி, ஃபில்டரை அடைத்து இன்ஜினை நிறுத்திவிடலாம்.